இடது மூலையில் ஒரு பட்டன்

குருன்னா தாடி இருக்கணும்னு எவன் சொன்னான்? எங்க ஆபீஸ் குரு ஜெஸிந்தா. முப்பது வயசு, சுடிதார், கழுத்துல ஹெட்போன். சிஷ்யர் கொழுந்து அண்ணாச்சி. ரிட்டயர் ஆகப்போற மனுஷன். பாளையங்கோட்டையில நாங்க மூலிகை அகராதி தயாரிக்கிறோம். அண்ணாச்சி எழுதுவார், நான் படம் சேர்ப்பேன், ஜெஸிந்தா கம்ப்யூட்டர் பார்த்துக்கும். ரெண்டு பேருக்கும் நடுவுல என் மேசை. எல்லாத்தையும் கேட்டுத் தொலைக்கணும்னு என் தலையெழுத்து.

அண்ணாச்சிக்கு வலது தோள்பட்டை போச்சு. இனி மவுசைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுட்டார். மவுசே இல்லாம, எல்லாத்தையும் கீபோர்டுலயே செய்யற எடிட்டர் சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. அதைப் படிச்சாத்தான் அவருக்கு வேலை. இல்லைன்னா அகராதியைப் பாதியில விட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"முதல்ல என்னம்மா படிக்கணும்?"

"எஸ்கேப் பட்டன். இடது மூலையில இருக்கு பாருங்க. என்ன செய்யறதுக்கும் முன்னாடி அதை அமுக்கிப் பழகுங்க."

"சரி. அடுத்து?"

"இந்த வாரம் அது மட்டும்தான்."

"வெளையாடுதியா?"

"இல்ல அண்ணாச்சி."

அந்த எடிட்டர்ல ரெண்டு நிலை. ஒண்ணுல நாம அடிக்கிறது எழுத்தா விழும். இன்னொண்ணுல ஒவ்வொரு பட்டனும் ஒரு கட்டளை. ஒண்ணு வரியை அழிக்கும், ஒண்ணு இடம் மாத்தும். எழுதுற நிலையிலிருந்து வெளியே வரணும்னா எஸ்கேப். இவ்வளவுதான் சங்கதி. அண்ணாச்சி அதை மட்டும் அமுக்கவே மாட்டார்.

அடுத்த வாரம் மத்த கட்டளைகள் ஆரம்பிச்சது. ரோதனையும் ஆரம்பிச்சது.

"அழிக்கச் சொன்னா அழிக்க மாட்டேங்குதே!"

"கீபோர்டு தமிழ்ல இருக்கு. கட்டளைக்கு இங்கிலீஷுக்கு மாத்தணும்."

"தமிழ் அகராதி போட, தமிழ் தெரியாத சனியனையா கொண்டாந்து வச்சிருக்கே?"

"முதல்ல எஸ்கேப், அண்ணாச்சி."

"எஸ்கேப்பாம் எஸ்கேப்பு!"

தினமும் இதே கூத்து. தோள்வலி வேற அவரைப் பாடாப்படுத்துச்சு, இல்லைங்கல. அதுக்காக? நாள் பூரா அந்தப் பிள்ளை மேலயா எரிஞ்சு விழுறது?

போன வியாழக்கிழமை ஒரு வரியை மேலே ஏத்தப் பார்த்தார். அது கீழே போச்சு. திரும்ப ஏத்தப் பார்த்தார், காணாமலே போச்சு. மனுஷனுக்கு வெறி வந்துருச்சு. இடது கையால கீபோர்டை மடார் மடார்னு அறைஞ்சார். அறைஞ்சதெல்லாம் கட்டளை. கண்ணு முன்னாடியே வரி வரியா அழிஞ்சு திரை காலி. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதின 'ம' பகுதி.

ஜெஸிந்தா பக்கம் திரும்பினார். ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"புருஷன் கூட ஒரு வருஷம் குடும்பம் நடத்தத் துப்பில்ல. எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா!"

எனக்கு ரத்தம் கொதிச்சுது. நானா இருந்தா அந்தக் கீபோர்டை எடுத்து அவர் மண்டையிலயே போட்டிருப்பேன். எழுந்தே நின்னுட்டேன். என்னை உட்காருன்னு ஜெஸிந்தா கை காட்டுச்சு.

அண்ணாச்சி சுவிட்சை அணைக்கப் போனார்.

"அணைக்காதீங்க!"

ஜெஸிந்தா குரலை உசத்தி நான் கேட்டது அன்னைக்குத்தான். முகம் சிவந்திருந்துச்சு. அவர் மேசைக்கு வந்து இடது மூலைப் பட்டனை அமுக்குச்சு. அமுக்கின விரலை எடுக்கவே இல்ல. கண்ணை மூடி மூச்சு விட்டுச்சு. முகத்துல சிவப்பு இறங்கின பிறகு இன்னொரு பட்டனைத் தட்ட ஆரம்பிச்சுது.

மணத்தக்காளி வந்தது. மருதாணி வந்தது. மாசிக்காய் வந்தது. தட்டத் தட்ட ஒவ்வொண்ணா வந்து 'ம' பூரா நின்னுச்சு.

"இது செஞ்சதைத் திருப்பி எடுக்கிற கட்டளை. அழிஞ்சது அப்படியே தானா சேவ் ஆயிருச்சு, அணைச்சிருந்தா வந்திருக்காது."

அண்ணாச்சி திரையையே பார்த்துக்கிட்டிருந்தார். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்ல. அப்படியே கேட்டார்.

"ஏம்மா... நான் இப்ப ஒண்ணு சொன்னேனே. அதைத் திருப்பி எடுக்க..."

"அதுக்குக் கிடையாது அண்ணாச்சி. அதுக்கு முன்னாடி அமுக்குற பட்டன்தான் உண்டு. ஒரு வாரம் அதை மட்டும்தானே சொல்லிக் குடுத்தேன்."