செம்புக்குக் கீழே தங்கம்

நகைக்கடை அதிபர் தங்கப்பழம், ஊருக்கு நல்லது செய்வதாகச் சொல்லிப் பள்ளிக்கூடம் ஒன்றும் நடத்தினார். ஆய்வகத் திறப்பு விழாவுக்கு முந்தின நாள், சுவரில் வரைந்திருந்த தனிம அட்டவணையைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது. செம்புக்கும் வெள்ளிக்கும் கீழே கிடந்தது தங்கம்.

“தங்கத்தை முதல் கட்டத்துக்கு மாத்துங்க. இல்லேன்னா நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்” என்றார் தற்காலிக ஆசிரியை பூங்கோதையிடம்.

அவள் குரலில் பணிவு குறையவில்லை.

“மாத்திடலாம் ஐயா. உங்க சங்கிலியைக் கொஞ்சம் கழற்றிக் கொடுங்க.”

“எதுக்கு?”

“இங்கே விலையைப் பார்த்து இடம் தர்றதில்லை. அணுவுக்குள்ளே எத்தனை புரோட்டான் இருக்குன்னு எண்ணித்தான் வரிசை. தங்கத்துக்கு எழுபத்தொன்பது, முதல் கட்டத்துக்கு ஒண்ணே ஒண்ணு. மிச்சத்தை எடுத்துட்டா உங்க தங்கம் அங்கே உட்காரும். ஆனா ஹைட்ரஜனாகிக் காத்தோட போயிடும்.”

அவர் கை தானாகச் சங்கிலியைப் பற்றிக்கொண்டது. “அதுக்காகச் செம்புக்குக் கீழேயா?”

“குணம் ஒத்ததெல்லாம் மேலும் கீழுமா ஒரே பத்தியிலே நிற்கும் ஐயா. அதுல லேசானது மேலே, கனமானது கீழே.”

மறுநாள் மேடையேறிய தங்கப்பழம், “கனமானவங்க எப்பவும் கீழேதான் இருப்பாங்க. தங்கத்தை அங்கே வைக்கச் சொன்னதே நான்தான்” என்று முழங்கினார்.

பெற்றோர் கூட்டத்திலிருந்து ஓர் அம்மா நிதானமாகக் கேட்டாள்: “அப்போ ஐயா ஏன் மேலே நிக்கிறீங்க?”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பூங்கோதை மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேலை வேண்டுமே.