நின்றவள் பீடம்

எங்கள் மடத்துப் பீடத்தில் யாரும் நினைத்தவுடன் உட்கார்ந்துவிட முடியாது. மாதவிலக்கு தானாக நின்று, அதற்குப் பிறகு பன்னிரண்டு அமாவாசை சுத்தமாகக் கழிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு ‘நின்றவள்’ என்று பெயர். சாமிக்கு விளக்கேற்றுவதும் அவள்தான். இந்த விதியைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது. ஆம்பளையாகத்தான் இருக்கும்.

நான் மடைப்பள்ளியில் சமைக்கிறவள். பேர் பேச்சியம்மாள். எனக்கு நாற்பத்தொன்பதில் சத்தமில்லாமல் நின்றுபோனது. சோறு வடிக்கிறவளுக்கு யார் பீடம் கொடுக்கப்போகிறார்கள்? அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது உலகம்மாளைப் பற்றி.

உலகம்மாளும் செண்பகமும் ஒரே வருஷம் மடத்துக்கு வந்தவர்கள். உலகம்மாள் மூன்று வயசு மூத்தவள். படிப்பிலும் பாட்டிலும் அவள்தான் முந்தி. விடியற்காலையில் சந்நிதியில் அவள் பதிகம் எடுத்தால், அடுப்பு ஊதுகிற நான் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். செண்பகம் “அக்கா, அக்கா” என்று அவள் முந்தானையைப் பிடிக்காத குறையாகச் சுற்றுவாள்.

அப்போது பீடத்தில் இருந்த பெரியம்மா படுக்கையில் விழுந்தபோது, அடுத்தது உலகம்மாள்தான் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் அவளுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. செண்பகத்துக்கு முப்பத்தெட்டிலேயே நின்றிருந்தது. அந்த வயசில் நிற்பது லேசுப்பட்ட காரியமா? ஒரு தடவை அவள் நாற்பது நாள் காணாமல் போய், எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். மலையில் தவம் இருந்தாள், தவத்தில் நின்றது என்று மடம் முழுக்கப் பேச்சு. நானே மடத்துக்கு வருகிறவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறியும்.

பெரியம்மா கண்ணை மூடினாள். செண்பகம் பீடம் ஏறினாள். அன்றையிலிருந்து அவள் எங்களுக்கு அம்மா. உலகம்மாளும் எல்லோரையும் போல விழுந்து கும்பிட்டாள்.

நாற்பத்தேழாவது வயசில் உலகம்மாளுக்கு அது தாறுமாறாகப் போனது.

இரண்டு மாசம் வராது. நாலு மாசம் வராது. அப்பாடா என்று அவள் முகம் தெளிகிற நேரம் பார்த்துக் கொட்டும். கொட்ட ஆரம்பித்தால் நிற்காது. தூரமானவள் மூன்று நாள் கொல்லை அறையில் இருந்துவிட்டுத் தலைக்குக் குளித்து உள்ளே வரவேண்டும் என்பது மடத்து வழக்கம். மூன்று நாள் என்று வைத்தவர்களுக்கு இருபத்திரண்டு நாள் போகும் என்பது தெரியாது. போகிற வரைக்கும் கொல்லை அறைதான். சாமியைப் பார்க்காமல், பாடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். உள்ளே வந்த நாட்களிலும் நிம்மதி கிடையாது. உட்கார்ந்து எழும்போதெல்லாம் சேலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள்.

நல்ல குளிரில் குப்பென்று வேர்க்கும். “உள்ளே யாரோ கொள்ளிக்கட்டையை வச்ச மாதிரி இருக்கு, பேச்சி” என்று வெறுந்தரையில் முதுகைப் போட்டுப் படுப்பாள். முப்பது வருஷம் பாடிய பதிகத்தில் மூன்றாவது அடி மறந்து நிற்பாள். ஒருநாள் ரசத்தில் உப்பில்லை என்று கிண்ணத்தை என் மேலேயே வீசினாள். பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நான் இப்படிப்பட்டவ இல்லையே, பேச்சி” என்றாள்.

“போட்டும் விடு. உப்பு நிஜமாவே இல்லை” என்றேன்.

ஒரு தடவை பதினோரு அமாவாசை கழிந்தது. பன்னிரண்டாவதுக்கு நாலு நாள் இருக்கும்போது, பாட்டின் நடுவே எழுந்து வெளியே ஓடினாள். அவள் உட்கார்ந்திருந்த கல்லில் கறை இருந்தது. இளசுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவிவிட்டார்கள்.

“அம்மாவுக்குத் தவத்துல நின்னுச்சு. இவங்களுக்கு நிக்கலைன்னா உள்ளே ஏதோ ஆசை பாக்கி இருக்குன்னுதானே அர்த்தம்?” என்று ஒருத்தி சொன்னாள். உலகம்மாள் காதில் விழும்படிதான் சொன்னாள். நாக்கில் சூடு போட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமைகளில் சிஷ்யைகள் அம்மாவிடம் ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம். உலகம்மாள் கேட்டாள்.

“அம்மா, இது எப்போ நிற்கும்?”

“நிற்கும்போது நிற்கும்.”

அடுத்த திங்கட்கிழமையும் கேட்டாள்.

“அம்மா, நீங்க எப்படி நிறுத்தினீங்க?”

“நான் ஒண்ணும் நிறுத்தலை” என்றாள் அம்மா.

கூட்டம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எவ்வளவு பெரிய காரியம் பண்ணிவிட்டு எவ்வளவு அடக்கம் பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நானும்தான் போட்டுக்கொண்டேன். அம்மா எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே உலகம்மாள் சோற்றை விட்டாள்.

ஒரு கை பொரி, ஒரு செம்பு தண்ணீர். காலையில் வேப்பங்கொழுந்து அரைத்து விழுங்குவாள். மார்கழிக் குளிரில் சுனைத் தண்ணீரில் கழுத்தளவு நின்று ஜபித்தாள். அம்மா மலையில் இதைத்தான் செய்தாள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? ஊர் சொன்னதை நான் சொன்னேன்.

ஒன்பது மாசம். தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. இரத்தப்போக்கு மட்டும் குறையவில்லை.

அடிவாரத்திலிருந்து நர்ஸ் வந்தபோது நான்தான் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் கண் இமையை இறக்கிப் பார்த்தாள். விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தாள்.

“இந்த வயசுல முன்னே பின்னே வரத்தான் செய்யும். அது சீக்கு இல்லை. ஆனா இவ்வளவு போகக்கூடாது. உடம்புல பாதி ரத்தம்தான் இருக்கு. பெரிய ஆஸ்பத்திரில காட்டணும். குறைக்கிறதுக்கு மருந்து இருக்கு. முதல்ல சாப்பிடுங்கம்மா.”

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். உலகம்மாள் அத்தனையையும் துளசிச் செடி அடியில் புதைத்தாள்.

“மாத்திரை தின்னு நிறுத்தினா அது தானா நின்னதா ஆகுமா?” என்றாள் என்னிடம்.

“செத்தாலும்தான் நிக்கும். அது எந்தக் கணக்கு?” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. “முப்பது வருஷம், பேச்சி. கல்யாணம் வேண்டாம், வீடு வேண்டாம்னு வந்து முப்பது வருஷம். எல்லாம் பொய்யின்னு இந்த உடம்பு மாசத்துக்கு மாசம் எழுதிக் காட்டுது. இந்தத் தடவை நின்னாத்தான் நான் எந்திரிப்பேன்” என்றாள்.

தை மாசம் முதல் வெள்ளிக்கிழமை. கொல்லை அறைக்குக் கஞ்சி கொண்டு போனேன். உலகம்மாள் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. பாயும் நனைந்து, பாய்க்குக் கீழே தரையும் நனைந்திருந்தது. கூப்பிட்டதற்கு இமைகள் மட்டும் அசைந்தன. கஞ்சியை வாயருகே கொண்டு போனேன். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நான் பீடத்துக்கே ஓடினேன். பூசை நேரம். கூடம் நிறைய ஆட்கள். எனக்கு அதெல்லாம் தெரியவில்லை.

“அம்மா, உலகம்மாள் போயிருவா. இன்னைக்கே போயிருவா” என்று கத்தினேன்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். ஒரு பெண்ணிடம் வண்டிக்குச் சொல்லி அனுப்பினாள். என்னிடம், “சூடா ரசஞ்சோறு பிசைஞ்சு கொண்டா” என்றாள்.

பீடத்தில் இருப்பவள் கொல்லை அறை வாசலை மிதிக்கக் கூடாது. அம்மா மிதித்தாள். பின்னாலேயே வந்த இளசுகள் முற்றத்தில் நின்றுவிட்டார்கள்.

நான் சோற்றுத் தட்டோடு உள்ளே வந்து கதவைச் சாத்தப் போனேன்.

“திறந்தே இருக்கட்டும்” என்றாள் அம்மா.

நனைந்த பாயிலேயே உட்கார்ந்தாள். உலகம்மாளின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா.”

ஏழு வருஷமாக அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. உலகம்மாள் கண்ணைத் திறந்தாள்.

“அம்மா, இங்கே வரக்கூடாது. தீட்டு.”

“ஒரு கதை சொல்லுதேன், கேளு.”

“கதை வேண்டாம்மா. எப்படி நிறுத்துனீங்க? அதை மட்டும் சொல்லுங்க. நான் எதுல தப்பு பண்ணினேன்?”

“அதுதான் கதை. ஒருத்திக்கு வயித்துல கட்டி வந்தது. மாசம் முழுக்கப் போகும். யார்கிட்டயும் சொல்ல வெக்கம். சாமிகிட்டப் போயி நில்லு நில்லுன்னு அழுதா. நிக்கல. ஒருநாள் சந்தைக்குப் போற பஸ்ஸுல மயங்கி விழுந்தா. யாரோ முகம் தெரியாத பொம்பளைங்க தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில போட்டாங்க. கண் முழிச்சப்போ டாக்டரம்மா சொன்னா, உசுரைக் காப்பாத்த வேற வழி தெரியல, கர்ப்பப்பையை எடுத்துட்டோம்னு. நாப்பது நாள் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தா.”

உலகம்மாள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

“திரும்பி வந்தப்போ ஜனம் அவ கால்ல விழுந்தது. மலையில தவமான்னு கேட்டாங்க. அவ ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டா. அந்த அப்புறம் வரவே இல்லை.”

“யாரு அவ?”

அம்மா சேலைக் கொசுவத்தைத் தளர்த்தினாள். உலகம்மாளின் கையை எடுத்து, அடிவயிற்றில் வைத்தாள். நான் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன். தொப்புளுக்குக் கீழே குறுக்காக, ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு.

உலகம்மாளின் விரல் அந்தத் தழும்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனது. திரும்பவும் வந்தது.

“ஏட்டி செண்பகம்” என்றாள்.

பீடத்தைப் பார்த்து ‘ஏட்டி’ என்று ஒருத்தி சொன்னதை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

“ஒன்பது மாசம் என் பட்டினியைப் பார்த்துக்கிட்டுத்தானட்டி இருந்தே?”

“பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“சுனையில நின்னு நடுங்கினேனே.”

“ஜன்னல்ல நின்னு பார்த்தேன்.”

“வாயைத் திறந்து ஒரு வார்த்தை...”

“திங்கக்கிழமை ஒரு வார்த்தை சொன்னேன். கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அதுக்கு மேல சொல்ல எனக்கு மனசு வரல. பீடம் நல்லாத்தான் இருந்துச்சு, அக்கா.”

உலகம்மாள் அழுதாள். சத்தம் போட்டு அழ அவளிடம் தெம்பில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் காதுப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு அம்மாவை அடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டும் செய்யாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அப்போ எனக்கு ஏன் நிக்கல?” என்றாள் உலகம்மாள்.

“வயசு, அக்கா. அது போற நேரத்துல அப்படித்தான் முன்னே பின்னே ஆடிட்டுப் போகும். உன் பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.”

“பாட்டு போச்சேட்டி. அடி மறந்து மறந்து போகுதே.”

அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். தட்டைக் கொடுத்தேன். சோற்றை உருட்டினாள். உலகம்மாளின் இரத்தம் அவள் சேலையில் முழங்கால் வரைக்கும் ஊறியிருந்தது.

தெருவில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

உலகம்மாள் வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள். முற்றத்தில் இளசுகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்திகூட எங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“அதுக எல்லாத்தையும் கேட்டிருச்சே” என்றாள். “இனி உன்னைப் பீடத்துல விடமாட்டாங்களே, செண்பகம்.”

அம்மா உருண்டையை அவள் உதட்டில் வைத்தாள்.

“பீடத்துக்கு யாராவது வருவா. நீ வாயைத் திற.”