வாழைத்தோல் பிடித்த நஞ்சு

பாலாற்றங்கரை மடத்தில் திருவேங்கடத்தைப் போலப் பொறுமைசாலி கிடையாது என்பார்கள். பந்தியில் யார் என்ன ஏசினாலும் சிரித்துக்கொண்டே சாம்பார் ஊற்றுவார். வீட்டுக்குப் போனால்தான் தெரியும் அந்தப் பொறுமையின் லட்சணம். தட்டு பறக்கும். மனைவி கோமளவல்லி போன வாரம் சொல்லிவிட்டாள்: "இனிமே மடத்துலயே இருந்துக்கோங்க."

அந்தப் பேச்சு அவருக்கு வலித்தது. மடத்தை நடத்திவந்த, தன்னைவிட வயதில் சின்னவரான குருவம்மாவிடம் போய் நின்றார்.

"இங்க மனசு தெளிவா இருக்கு அம்மா. வீட்டு வாசப்படிய மிதிச்சா கலங்கிடுது. குடும்பத்த விட்டுட்டு இங்கயே வந்துடட்டுமா?"

"மொதல்ல கிணத்துத் தண்ணி வேலைய முடிங்க. அப்புறம் பேசலாம்."

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் மடத்துக் கிணற்றில் குரோமியம் என்ற நச்சு உலோகம் இறங்கியிருந்தது. பூசைக்கு வரும் வாழைப்பழத்தின் தோலைக் காயவைத்து, தூளாக்கி, தொட்டியில் நிரப்பி, தண்ணீரை அதன் வழியே வடித்தார் திருவேங்கடம். தண்ணீரிலுள்ள உலோகத்தை அந்தத் தூள் பிடித்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு செம்புத் தண்ணீரோடு ஓடினார்.

குருவம்மா குடித்தார்.

"நல்லா இருக்கு. இதுல இருந்த நஞ்சு எங்க?"

"தூள் பிடிச்சுக்கிச்சு அம்மா."

"அந்தத் தூள்?"

"மாத்திட்டேன். பழச எருக்குழியில..."

மடத்தில் எந்தத் தோலும் தழையும் எருக்குழிக்குத்தான் போகும். வாழைத்தோல்தானே என்று கைப்பழக்கத்தில் கொட்டிவிட்டிருந்தார். அந்த எருதான் கீரைப் பாத்திக்கு. அந்தக் கீரைதான் பந்திக்கு வரும் பிள்ளைகளுக்கு.

குழிக்கு ஓடினார். நல்லவேளை, எருவை இன்னும் யாரும் அள்ளவில்லை. கொட்டியதை ஒரு பிடி விடாமல் வாரி, பீப்பாயில் போட்டு இறுக மூடினார்.

திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் கேட்டார்.

"வீட்டு விஷயத்துக்கு நீங்க ஒண்ணும் சொல்லலியே அம்மா. விட்டுடட்டுமா?"

குருவம்மா அவரையே பார்த்தார்.

"பந்தியில அத்தனை பேர் பேச்சையும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிறீங்க. வீட்டம்மாவையும் விட்டுட்டா, அதையெல்லாம் அப்புறம் யார் தலையில கொட்டுவீங்க?"