நண்டுப்பள்ளத்துக் கூடாரம்

ரொம்ப காலத்துக்கு முன்னால், கடலோரத்தில் இருந்த சங்குத்துறை நாட்டை வல்லபராசா என்றொரு ராசா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் தலையில் தூக்கி வைத்து ஆடியவரை மாலையில் தொப்பென்று கீழே போட்டுவிடுவார். அவருடைய அமைச்சர் மங்கைபாகர் வீட்டில் ஒரு துணிமூட்டை எப்போதும் கட்டியே இருக்கும். எந்த நேரத்தில் ராசா நாட்டை விட்டுப் போகச் சொல்வாரோ, யார் கண்டது?

அந்த ராசாவுக்குத் துறைமுகம் கட்ட ஆசை வந்தது. ஆமைக்குப்பம், மணல்தேரி, நண்டுப்பள்ளம் என்று மூன்று இடங்களை ஊரறிய அளந்து பார்த்தார்கள். கடைசியில் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது ராசாவின் மனசுக்குள்ளேயே இருந்தது.

பெல்லமி துரை என்ற வெள்ளைக்கார வியாபாரிக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, கப்பலோடு வந்து இறங்கிவிட்டார். இடம் தெரிந்தால் போதும், முந்திக்கொண்டு கிடங்கு கட்டிக் கரையையே வளைத்துப் போட்டுவிடுவார். முகத்தைச் சுளித்து அனுப்பவும் வழியில்லை. நாட்டின் உப்பையும் சங்கையும் வாங்கிப் போவது அவர் கப்பல்தான்.

துரைக்கு விருந்து என்று முடிவானது. அவரோடு இங்கிலீஷில் பேச அவையில் இரண்டே பேர் இருந்தார்கள். ஒருவர் மங்கைபாகர். இன்னொருவர் பண்டகசாலை அதிகாரி ஆபத்சகாயம். அமைச்சரின் நாற்காலி மேல் வெகுநாளாக அவருக்கு ஒரு கண்.

"அரசே, அமைச்சர் துரையோடு குழைந்து குழைந்து பேசுகிறார். இங்கிலீஷில் எதை உளறிக் கொட்டினாலும் நமக்குத் தெரியப்போவதில்லை" என்று ஆபத்சகாயம் பற்றவைத்தார்.

ராசாவுக்கு மீசை துடித்தது. "அப்படியானால் இருவரும் பேசுங்கள். இடத்தை இருவருக்கும் சொல்கிறேன். ரகசியம் யார் வாயிலிருந்து போனாலும் அவர் இந்த நாட்டில் இருக்கக்கூடாது. துரை மனம் கோணினாலும் அதே தண்டனைதான். என்ன அமைச்சரே?"

ஆபத்சகாயம் பேசும் லட்சணம் மங்கைபாகருக்குத் தெரியும். அந்த மனிதர் கொட்டிவிட்டுப் பழியை இவர் தலையில் கட்டினால், மூட்டையைத் தூக்க வேண்டியதுதான். அவர் எழுந்துபோய் ராசாவின் காதில் ஏதோ சொன்னார். ராசா ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு, இருவரையும் தனித்தனியே அழைத்துக் காதோடு காதாக இடத்தைச் சொன்னார்.

விருந்தில் துரை முதலில் அமைச்சர் பக்கம் திரும்பினார். "துறைமுகம் ஆமைக்குப்பத்தில்தானே?" என்றார் இங்கிலீஷில்.

"நல்ல கேள்வி துரை. அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை, மன்னிக்க வேண்டும். வழியில் காற்று எப்படி இருந்தது?"

"மணல்தேரியோ?"

"அதையும் நான் பேசுவதற்கில்லை, மன்னியுங்கள். அதிரசம் இன்னொன்று வைக்கட்டுமா?"

நண்டுப்பள்ளத்துக்கும் அதே பதில், அதே புன்னகை. "நாம் நண்பர்கள் இல்லையா?" என்று துரை தோளில் கை போட்டார்.

"நண்பர் என்பதால்தான் துரை. உங்கள் சரக்கைப் பற்றி நாளைக்கு இன்னொரு வியாபாரி கேட்டாலும் அவருக்கும் இதே பதில்தான்."

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ள ஒன்றும் அகப்படாமல், ஆபத்சகாயத்தின் பக்கம் நாற்காலியை நகர்த்தினார்.

"ஆமைக்குப்பமா?"

"இல்லவே இல்லை" என்றார் ஆபத்சகாயம் கம்பீரமாக.

"மணல்தேரி?"

"சேச்சே, அங்கே யார் கட்டுவார்கள்?"

"அப்படியானால் நண்டுப்பள்ளம்."

ஆபத்சகாயம் நெஞ்சை நிமிர்த்தினார். "அது அரசாங்க ரகசியம். தலையே போனாலும் சொல்லமாட்டேன்."

துரை அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாயசத்தை ரசித்துக் குடித்தார். ஆபத்சகாயம் அமைச்சரைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார்.

மறுநாள் அவை கூடியதும் ஆபத்சகாயம் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மோசம் போய்விட்டோம் அரசே. துரை நண்டுப்பள்ளத்தில் கூடாரம் அடித்துவிட்டார். அமைச்சர் நம் ரகசியத்தை விற்றுவிட்டார்."

அவை முழுவதும் மங்கைபாகரைப் பார்த்தது. ராசாவோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"நண்டுப்பள்ளம் என்று உன் ஒருவன் காதில்தானே சொன்னேன்? அமைச்சருக்கு நான் சொன்ன இடம் ஆமைக்குப்பம். இரண்டும் பொய். ஆளுக்கொரு இடத்தைச் சொல்லும்படியும், தனக்கும் உண்மையைச் சொல்ல வேண்டாம் என்றும் அவரே என் காதில் கேட்டுக்கொண்டார்."

ஆபத்சகாயத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் சொல்லவே இல்லையே அரசே. மற்ற இரண்டையும் இல்லை என்று மட்டும்தானே சொன்னேன்?"

"அதுதான் வினை" என்றார் மங்கைபாகர். "இரண்டு அறையைத் திறந்து காட்டிவிட்டு மூன்றாவதை மட்டும் பூட்டினால் நகை எங்கே இருக்கிறதென்று யாருக்குத்தான் தெரியாது? காலி அறையையும் சேர்த்துப் பூட்டத் தெரிய வேண்டும். பூட்டுகிறபோது வந்தவர் முகம் சுருங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்."

ராசா தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். "வீட்டில் மூட்டை கட்டி வைத்திருக்கிறீராமே? இன்றைக்கே அதை அவிழ்த்துவிடும். நான் உயிரோடு இருக்கும்வரை உம்மை யாரும் போகச் சொல்ல முடியாது, நான் உட்பட" என்றார். மங்கைபாகருக்குக் கண் கலங்கிவிட்டது.

மணல்தேரியில் துறைமுகம் எழுந்தது. நண்டுப்பள்ளத்துச் சேற்றில் அலைந்து அலுத்த துரையும் வீம்பு பார்க்காமல் அங்கேயே கப்பலைக் கொண்டுவந்தார். தன் வியாபாரத்தை அமைச்சரிடம் மட்டும்தான் பேசுவேன் என்று ஒரே பிடியாக நின்றார். வாயைக் கட்டத் தெரிந்தவரிடம் பேசினால்தான் தனக்குத் தூக்கம் வருமாம்.

ஆபத்சகாயத்தை ராசா நாடு கடத்தவில்லை. துரை விட்டுப்போன கூடாரம் வீணாகக் கூடாதென்று, அவரையே நண்டுப்பள்ளத்துக்கு அதிகாரியாக அனுப்பிவைத்தார். அங்கே கேள்வி கேட்க ஆளே கிடையாது, கொசுதான் உண்டு. அவர் பாடு அப்படிக் கழிந்தது, நம் கதையும் இத்தோடு கரை ஏறியது.