குட்டி போட்ட சாக்கு

"இந்த நாயைக் கட்டி இழுத்துட்டுப் போய் ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வரட்டுமா, அம்மா?"

கேட்டவர் மடத்துச் சீடர் கொண்டல்சாமி. சீடர் என்றதும் இளவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தெட்டு வயது, முட்டிவலி வேறு. அவருடைய குரு செங்கமலத்தம்மைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

அம்மை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"செவலை என்ன செஞ்சுது?"

"குட்டி போட்டு அஞ்சு நாள் ஆகுது. குட்டிங்க கிட்டவே போக மாட்டேங்குது. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கு. சோறு வெச்சா மோந்துகூடப் பாக்கல. நேத்து ஒரு குட்டியைக் கவ்விட்டுப் போய்ச் சாக்கடையில போட்டுட்டு வந்துடுச்சு."

"அந்தக் குட்டி?"

"செத்துப்போச்சு. இன்னும் மூணு இருக்கு. ஆட்டுப்பாலைத் துணியில நனைச்சு வாயில வெச்சுப் பார்க்கிறேன், சரியாக் குடிக்கல. கத்துறதைக் கேக்க முடியலம்மா. பெத்த தாயா அது? அதுக்குப் பேய் பிடிச்சிருக்கு."

பேய் என்ற சொல் அவருக்குச் சட்டென்று வரும். அதற்குக் காரணம் இருக்கிறது.

மடத்தில் சேர்ந்த அன்று, "எனக்கு யாருமில்லை" என்றார். பச்சைப் பொய். தங்கபுஷ்பம் என்று ஒரு மனைவி இருக்கிறாள். பிள்ளை பெற்ற பிறகு அதைத் தொட மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பேய் ஓட்டும் கோயில் ஒன்றில் கொண்டுபோய் விட்டார். பேய் இறங்கினால் சொல்லி அனுப்புவார்கள் என்று திரும்பி வந்தார்.

பதினாலு மாதம் ஆகிவிட்டது. யாரும் சொல்லி அனுப்பவில்லை. இவரும் போய்க் கேட்கவில்லை.

அம்மை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இருவரும் விறகுக் கொட்டகைக்குப் போனார்கள். செவலை சுவரோரம் கிடந்தது. அவர்களைப் பார்த்ததும் உறுமியது, அதுவும் அரைகுறையாக.

"எந்த நாள்ல இருந்து இப்படி?"

"முதல் ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. ஓயாம நக்கிக்கிட்டே கிடந்துச்சு. மூணாம் நாள்ல இருந்துதான்."

"மூணாம் நாள் என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலையே. அது தண்ணி குடிக்கப் போன நேரத்துல குட்டிகளை மஞ்சத்தண்ணியில குளிப்பாட்டி, திருநீறு பூசி, சாம்பிராணி காட்டினேன். நம்ம மடத்துல கன்னு பொறந்தாச் செய்யறதுதானே. அன்னியிலருந்து தினமும் காலையில செய்யறேன். குட்டி போட்ட சாக்கு ஒரே தீட்டு. அதைக் குப்பைக் குழியில வீசிட்டேன்."

அம்மை ஒரு குட்டியை எடுத்து முகர்ந்தார். பிறகு அதைக் கொண்டல்சாமியின் மூக்கருகே நீட்டினார்.

"என்ன வாசம்?"

"சாம்பிராணி. கொஞ்சம் மஞ்சள்."

"நாய் வாசம்?"

அவர் முகர்ந்தார். வயிற்றுப் பக்கம் திருப்பி மறுபடி முகர்ந்தார்.

"இல்ல."

"அதோட பிள்ளைகளை எடுத்துட்டு யார் பிள்ளைகளையோ கொண்டு வெச்சிருக்கீங்க. அது என்ன செய்யும்?"

கொண்டல்சாமி குட்டியை வாங்கி மற்றக் குட்டிகளோடு விட்டார்.

"அந்தச் சாக்கைத் தேடி எடுத்துட்டு வாங்க. அதாலயே குட்டிகளைத் துடைங்க. பிறகு செவலை பக்கத்துல உட்காருங்க."

"உட்கார்ந்து என்ன செய்யணும்?"

"உட்காருங்க."

சாக்கு குழியிலேயே கிடந்தது. நாற்றத்தோடு அப்படியே எடுத்துவந்தார். துடைத்தார்.

உட்கார்ந்தார். ஆரம்பத்தில் செவலைக்குப் புத்தி சொல்லப் பார்த்தார். அது பல்லைக் காட்டியது. வாயை மூடிக்கொண்டார்.

செவலைக்கு வைத்த கருப்பட்டிக் கஞ்சி தட்டில் ஆறிப்போனது. கொட்டிவிட்டு வேறு கொண்டுவந்தார். அதுவும் ஆறியது.

இரண்டாம் நாள் மத்தியானம் இன்னொரு குட்டி அடங்கிவிட்டது. இவர் பூசிய மஞ்சள் அதன் காதுக்குள் இன்னும் இருந்தது. அதைத் துடைத்துவிட்டுத்தான் புதைத்தார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். நாயைத் திட்டத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

சாயங்காலம் செவலை அவருடைய உள்ளங்கையிலிருந்து இரண்டு வாய் கஞ்சி நக்கியது.

மூன்றாம் நாள் காலையில் எழுந்து வந்தது. மிஞ்சியிருந்த இரண்டையும் நெடுநேரம் முகர்ந்தது. ஒன்றை நக்கியது. பிறகு மற்றதை. பிறகு ஒருக்களித்துப் படுத்தது.

முட்டி விண்விண்ணென்று தெறித்தது. குட்டிகள் குடித்து முடிக்கும்வரை கொண்டல்சாமி அசையவில்லை.

அம்மை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"பால் கொடுக்குது, அம்மா."

"ம்."

கொண்டல்சாமி நகரவில்லை. அம்மை விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

"எனக்கு யாருமில்லைன்னு சொன்னேன்ல. பொய். பொண்டாட்டி இருக்கா. பிள்ளை இருக்கு."

அம்மை அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

"பெத்தவ பதினோரு நாள் பிள்ளை முகத்தைப் பாக்கக் கூடாதுன்னு ஜோசியர் சொன்னார். பொறந்த அன்னிக்கே அவ கையிலிருந்து வாங்கி எங்க அக்கா வீட்டுல வெச்சோம். அவ விடல. நான்தான் பிடுங்கிட்டுப் போனேன். பன்னெண்டாம் நாள் குளிப்பாட்டி, பவுடர் பூசி, மை வெச்சு, புதுச்சட்டை போட்டுக் கொண்டாந்து அவ மடியில வெச்சோம்."

தன் கையைப் பார்த்தார். சாக்கு நாற்றம் இன்னும் போகவில்லை.

"இது என் பிள்ளை இல்லைன்னுட்டா அவ. எல்லாரும் பேய்னாங்க."

"நீங்க?"

"நானும்தான்."

"பிள்ளை?"

"அக்காவைத்தான் அம்மாங்குது."

அம்மை வெயிலை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தக் கோயிலுக்கு மத்தியானம் பஸ் இருக்கு."

"அவ உசுரோட இருக்காளோ என்னவோ. இருந்தாலும் என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிக்குவா. அங்க போய் நான் அவகிட்ட என்னன்னு சொல்ல, அம்மா?"

"செவலைகிட்ட என்ன சொன்னீங்க?"