செருமலின் காவல்

ஒரு தொண்டையில் செருமல் காவல்காரனாக இருந்தது. தொண்டை ஜெசிந்தாவுடையது. மூன்று மாதமாக அங்கே ஏதோ ஓர் உருண்டை வந்து உட்கார்ந்திருப்பதாகச் செருமலுக்குச் சந்தேகம். கால்மணிக்கொரு தரம் “க்கும்” என்று அதட்டிப் பார்க்கும். உருண்டை நகராது.

எச்சில் வந்து முறையிட்டது. “நான் இறங்கும்போதெல்லாம் அது இடிக்கிறது.”

பின்னாலேயே இட்லி வந்தது. “யாரைச் சொல்கிறாய்? வழி காலியாகத்தானே கிடக்கிறது” என்று சொல்லிக்கொண்டே வழுக்கி இறங்கிவிட்டது.

செருமலுக்குத் தலை சுற்றியது. எச்சிலை இடிக்கிற ஆள் இட்லிக்கு வழிவிடுவானா? இரண்டுமே பொய் பேசிப் பழக்கமில்லாதவை.

ஜெசிந்தாவின் கவலை வேறு. அவளுடைய அக்கா போன வருடம்தான் தொண்டைப் புற்றுநோயில் இறந்தாள். இப்போது தன் முறை என்றே ஜெசிந்தா முடிவு கட்டிவிட்டாள். கேஸ் புத்தகமும் ரேஷன் அட்டையும் இருக்கும் இடத்தை, பத்தாவது படிக்கும் மகள் ரீனாவுக்குக் காட்டிக்கொடுத்தாள். காரணம் சொல்லவில்லை. பாவம், ரீனாவுக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

அவள்தான் அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“சோறு சிக்குதா?”

“இல்லம்மா. எச்சி முழுங்குனாத்தான்.”

“எடை குறைஞ்சுதா? குரல் மாறுச்சா? வலி, ரத்தம்?”

“ஒண்ணுமில்லம்மா.”

“பயப்படுற மாதிரி எதுவும் தெரியல. இது நிறைய பேருக்கு வர்றதுதான். இனிமே செருமாதீங்க. செருமத் தோணுறப்ப ஒரு மடக்கு தண்ணி குடிங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்க. நடுவுல சோறு சிக்குனா உடனே வரணும்.”

செருமல் ஆடிப்போனது. இத்தனை நாள் உழைத்த காவல்காரனையே வேண்டாம் என்கிறார்களே. வேறு வழியில்லாமல் உருண்டையிடமே கேட்டது. “நீ யார்? இங்கே எதற்கு இருக்கிறாய்?”

“எனக்கே தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ‘இருக்கிறாயா’ என்று கேட்கிறாய். மரியாதைக்கு ‘இருக்கிறேன்’ என்கிறேன்.”

“நான் கேட்காவிட்டால்?”

“யாருக்குத் தெரியும்? நீ கேட்காமல் இருந்ததே இல்லையே.”

செருமல் வாயை மூடிக்கொண்டு நின்றது. தண்ணீர் வந்தது, போனது. நாட்களும் போயின. ஒரு மதியம் ஜெசிந்தா ரீனாவோடு சண்டை போட்டாள், பிறகு சிரித்தாள், மீன்குழம்பை இரண்டாம் தரமும் ஊற்றிக்கொண்டாள். தொண்டையின் நினைப்பே அவளுக்கு வரவில்லை.

செருமல் மட்டும் கிடந்து தவித்தது. உருண்டை போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். பார்த்தால் வந்துவிடும்.