கண்ணெடுக்காத வேலை

குரு என்றால் தாடி இருக்கும், மரத்தடி இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் மாதங்கி டாக்டரைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பேனா, மலைக்குளிருக்குக் காலில் கம்பளி உறை. அவ்வளவுதான் அவர் கோலம். சைக்கிள் பந்தயங்களில் ஊக்கமருந்து சோதனை நடத்துவது அவர் தொழில்.

அவரிடம் வேலை கற்க வந்த அருமைநாதன் அவரைவிட நன்றாகவே மூத்தவர். ஒரு காலத்தில் பந்தய அணியில் ஓட்டியவர். முழங்கால் கைவிட்ட பிறகு வேறு எதிலும் மனம் ஒட்டாமல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருந்தார். சீடருக்கு நரை, குருவுக்குக் கருங்கூந்தல். இரண்டு பேருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை எளிமையானதுதான். ஜெயித்தவன் சிறுநீர் கொடுக்க வேண்டும். கொடுப்பதை ஒருவர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். ஆகவே ஆண்கள் பந்தயத்தில் மாதங்கி டாக்டர் கழிப்பறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளே அருமைநாதனின் கண்தான் அவருடைய கண்.

மேல்மலைப் பந்தயத்தன்று ஜீப்பில் ஏறிப் போகும்போது அருமைநாதன் மெல்லத் தொடங்கினார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"ஒரு மனுசன் ஒண்ணுக்குப் போறதை உத்துப் பாக்கணும்னா, அவனைத் திருடன்னு நினைச்சாத்தானே முடியும்?"

"நீங்க அப்படி நினைக்கிறீங்களா?"

"இல்ல. அதனாலதான் கேக்கறேன். நம்பிக்கை இருந்தா எதுக்குப் பாக்கணும்?"

மாதங்கி டாக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். தேயிலைச் சரிவெல்லாம் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஜன்னலை ஏத்துங்க, குளிருது" என்றார்.

அது பதிலா இல்லையா என்று அருமைநாதனுக்கு விளங்கவில்லை. ஜன்னலை ஏற்றினார்.

மதியத்துக்குப் பிறகு மலையே காணாமல்போயிற்று. படம்பிடிக்கும் ஜீப் வழி தெரியாமல் நின்றுவிட்டது. பின்தொடர்ந்த மோட்டார் சைக்கிளும் நின்றுவிட்டது. உச்சியில் கயிற்றுக்குப் பின்னால் கூடியிருந்தவர்கள் ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். கீழே பந்தயம் நடக்கிறதா, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை.

பிறகு ஒரு சங்கிலிச் சத்தம் மட்டும் வந்தது. வெகுநேரம் சத்தமாகவே இருந்தது. கடைசியில் பனியிலிருந்து ஒரு சக்கரம் வந்தது, அதன் பின்னால் போஜன் வந்தான். தனியாக வந்தான். வாய் பாதி திறந்திருந்தது, கண்கள் எங்கோ இருந்தன. முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் ஓட்டிக்கொண்டே போனான், யாரோ பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அடுத்த ஆள் வருவதற்குள் ஜனங்கள் கை தட்டி, ஓய்ந்து, முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். இவ்வளவு முன்னால் எப்படி வந்தான்? மனுசன் ஏறுகிற ஏற்றமா இது? பனிக்குள்ளே யார் கண்டது? எதையோ போட்டுக்கொண்டுதான் ஏறியிருக்கிறான் என்று அரசல்புரசலாகப் பேச்சு கிளம்பிற்று.

அருமைநாதனுக்கு ஒரே சந்தோஷம். அதோடு தர்மசங்கடம். அணியில் அவருக்குக் கடைசி வருடம், போஜனுக்கு முதல் வருடம். மேல்மலையில் ஹட்டி என்கிற படுகர் கிராமம் ஒன்றிலிருந்து ஒல்லியாக வந்து நின்ற பையன் அவன். அருமைநாதனின் தண்ணீர் புட்டியில் பாதி அவன் குடித்தது. பந்தயக்காரர்களிடையே அது கிட்டத்தட்ட உறவுமுறை.

"டாக்டரம்மா, அவன் எனக்குத் தெரிஞ்ச பையன். வேற யாராவது போனா நல்லது."

"வேற ஆள் வர்ற ஜீப் பனியில மாட்டிக்கிச்சு. இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. முடியுமா?"

"முடியும்."

அவர் போஜனின் அருகில் போய் முறைப்படி சொன்னார்: "தம்பி, உனக்குச் சோதனை இருக்கு. இந்த நிமிஷத்துலேருந்து நீ என் கண்ணுலேயே இருக்கணும்."

போஜன் அவரை அடையாளம் கண்டு சிரித்தான். "நீங்களா அண்ணே! அப்ப நிம்மதி."

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறைதான் சோதனை அறை. குழந்தைகளுக்கான பெஞ்சு. மலையை ஜெயித்தவன் முழங்கால் மோவாயில் இடிக்க அதில் உட்கார்ந்தான். உடம்பில் இருந்த நீரெல்லாம் வியர்வையாகப் போயிருந்தது. சிறுநீர் வரவில்லை. மூடி திறக்காத தண்ணீர் புட்டிகளை மாதங்கி டாக்டர் முன்னால் வைத்தார். அவனே திறந்து குடித்தான். இன்னும் குடித்தான். ஒன்றும் நடக்கவில்லை.

பனி கதவுவழியாக உள்ளே வந்து கரும்பலகைப் பக்கம் தங்கியது. நேரம் நகர்கிறதா, நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

"எப்படிடா ஏறினே?" என்று கேட்டார் அருமைநாதன்.

"ஏறின மாதிரியே இல்ல அண்ணே. நான் ஒரு இடத்துல நின்னுக்கிட்டிருந்தேன், மலைதான் என் பக்கமா இறங்கி வந்துச்சு. கால் வலிச்சுது. ஆனா அது யாரோட காலோ."

"பயமா இல்லையா?"

"தனியா இருந்துச்சு."

வாசலில் ஒரு கார் நின்றிருந்தது. வெளிநாட்டு அணி ஒன்றின் ஆள் அதில் இருந்தார். போஜனைக் கையோடு கீழே நகரத்துக்கு அழைத்துப்போய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வந்தவர். பனி இன்னும் இறங்கினால் மலைப்பாதையை அடைத்துவிடுவார்கள். அவர் அடிக்கடி ஹாரன் அடித்தார். ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் போஜன் ஒரு மடக்கு குடித்தான்.

ஒருவழியாக எழுந்தான். "வர்ற மாதிரி இருக்கு அண்ணே."

கழிப்பறையில் சட்டையை நெஞ்சுவரை சுருட்டி, கால்சட்டையை முழங்கால்வரை இறக்கி நிற்க வேண்டும். உடம்போடு ஒட்டி ரப்பர் குழாயோ அடுத்தவன் சிறுநீர் அடைத்த பையோ இல்லை என்று சாட்சியாக நிற்பவர் பார்க்க வேண்டும். அப்படியும் சிலர் செய்திருக்கிறார்கள். பயிற்சியில் மாதங்கி டாக்டர் அந்தக் குழாய்களைக் காட்டியிருக்கிறார்.

போஜன் குவளையைப் பிடித்தபடி நின்றான். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல இருந்தது. குளிரில் தொடை நடுங்கியது. ஒன்றும் வரவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அருமைநாதனுக்கு மனசு என்னவோபோல் ஆகிவிட்டது. கொஞ்சநேரத்துக்கு முன்னால் ஊரே பார்க்கப் பனியைக் கிழித்து வந்தவன். அவன் இப்படி உரித்த கோழியாக நிற்கிறான், நான் எதிரே நின்று கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்க்கிறேன். இது என்ன பிழைப்பு?

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பக்கம் கண்ணாடியில்லாத ஒரு சன்னல் இருந்தது. வெளியே ஒற்றைச் சில்வர் ஓக் மரம், பாதி பனிக்குள், பாதி வெளியே. கிளையிலிருந்து நீர் சொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் தான் எங்கே இருக்கிறோம், எதற்கு வந்தோம் என்பதெல்லாம் ஒரு கணம் நழுவிப்போயிற்று. பிறகு பின்னால் சிறுநீர் விழும் சத்தம் கேட்டது. அவர் திரும்பியபோது குவளை நிறைந்திருந்தது. போஜன் சட்டையை இறக்கிக்கொண்டிருந்தான்.

"வந்துருச்சு அண்ணே!"

"வந்துருச்சா" என்றார் அருமைநாதன்.

இரண்டு அடி நடந்திருப்பார்கள். அதற்குள் அவருக்குள் ஏதோ ஒன்று தலை தூக்கிற்று. இவ்வளவு நேரம் வராதது நான் திரும்பினதும் எப்படி வந்தது?

அவருக்கு உடம்பு கூசியது. போஜனின் முதுகைப் பார்த்தபடியே வகுப்பறைக்குள் நுழைந்தார்.

மேசைமேல் இரண்டு கண்ணாடிப் புட்டிகள் காத்திருந்தன. அவற்றில் ஊற்றி மூடிவிட்டால் உடைத்தால்தான் திறக்கும். மாதங்கி டாக்டர் போஜனைக் கையமர்த்தி நிறுத்தினார்.

"பாத்தீங்களா?" என்று அருமைநாதனைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்விதான்.

"எல்லாம் சரியா இருந்துச்சு டாக்டரம்மா."

"சரி. பாத்தீங்களா?"

"நம்ம போஜன் அப்படிப்பட்ட பையன் இல்ல."

"அதை நான் கேக்கல."

வெளியே ஹாரன் நீளமாக அடித்தது. ஒரே ஒரு சொல்தான். "பாத்தேன்" என்று சொல்லிவிட்டால் பையன் காரில் ஏறிப் போய்விடுவான். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. கார் நிற்காது. வெளியே முணுமுணுக்கிற கூட்டம் சும்மா இருக்காது. அருமைநாதன் குவளையைப் பார்த்தார்.

"பாக்கல" என்றார். "மொகத்தைத் திருப்பிக்கிட்டேன்."

மாதங்கி டாக்டர் கோபப்படவில்லை. குவளையை வாங்கித் தனியாக ஒதுக்கிவைத்தார்.

"இது செல்லாது போஜன். மறுபடியும் எடுக்கணும்."

போஜன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஏன் அண்ணே?"

"உனக்குக் கூச்சமா இருக்குமேன்னு..."

"எனக்கா?" அவன் குரல் உடைந்தது. "அண்ணே, அந்த ஏத்தம் முழுக்க என்னை ஒருத்தர்கூடப் பாக்கல. ஜீப் இல்ல, பைக் இல்ல, ஒரு மாடுமேய்க்கிறவன்கூட இல்ல. வெளிய என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியாதா? இந்த ரூமுக்கு வந்தா ஒருத்தராவது என்னைப் பாப்பாருன்னு இருந்தேன். அதுவும் நீங்கன்னதும்..."

அவனால் முடிக்க முடியவில்லை. அருமைநாதனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அது அவர் வேலை.

காரில் இருந்தவர் வாசலுக்கு வந்தார். "முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல. மறுபடியும் எடுக்கறோம்" என்றார் மாதங்கி டாக்டர்.

"மறுபடியுமா?"

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. போஜனை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை அளந்தார். பிறகு ஃபோன் பண்ணுவதாகச் சொன்னார். கார் திரும்பும் சத்தம் கேட்டது, வளைவுக்கு வளைவு தேய்ந்துகொண்டே போய்ப் பனியில் அமுங்கிப்போயிற்று.

போஜன் இன்னொரு புட்டியைத் திறந்தான். பாதி குடித்தான். பெஞ்சுமேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்தவன் அப்படியே தூங்கிப்போனான். மலை முழுக்க அவன்மேல் இறங்கி உட்கார்ந்துவிட்ட மாதிரியான தூக்கம். அவன் மூச்சு ஒன்றுதான் அறையில் கேட்டது. விரல் மட்டும் அவ்வப்போது பிரேக் பிடிப்பதுபோல மடங்கிற்று.

அருமைநாதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரம்மா."

"சொல்லுங்க."

"அவன்மேல இருந்த மரியாதையிலதான் திரும்பினேன்."

"தெரியும்."

"அவன் சோத்துல உப்பு எவ்வளவு போட்டுக்குவான்கிற வரைக்கும் எனக்குத் தெரியும். அவன்மேல எனக்கு எப்பவுமே சந்தேகம் வந்ததில்ல."

"உள்ள நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்களே, அப்ப?"

"அப்பவும் ஒரு துளிகூட இல்ல."

மாதங்கி டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"திரும்பினதுக்கு அப்புறம்?"

கழிப்பறையிலிருந்து இரண்டு அடி நடப்பதற்குள் தலை தூக்கிய அந்த எண்ணம் அருமைநாதனுக்கு நினைவு வந்தது. தூங்குகிறவனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.